வேலைநீக்கம் நியாயமா? கேள்விக்கு மன்றம் இல்லாத காலத்தில் ம. சிங்காரவேலர்

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஓர் ஆலைத் தொழிலாளி இன்று வேலையிலிருந்து நீக்கப்பட்டால் அவர் செல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. சமரச அலுவலரிடம் மனு அளிக்கலாம். சமரசம் முறிந்தால் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகலாம். அங்கே நிர்வாகம் தன் குற்றச்சாட்டை மெய்ப்பிக்க வேண்டும்; விசாரணை முறையாக நடந்ததா, தண்டனை குற்றத்துக்குப் பொருத்தமானதா என்பதையும் நீதிமன்றம் ஆராயும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடலாம், தீர்ப்பு கைக்கு வருமுன் தொழிலாளி முதுமை எய்திவிடலாம். ஆயினும் நீக்கியது நியாயமா என்று கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது.

இந்த இடம் தொன்றுதொட்டு இருந்து வருவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அது உண்மையன்று. சென்னைத் தொழிலாளர் இயக்கத்தின் மூத்தவரான ம. சிங்காரவேலர் 1946 பிப்ரவரி 11 அன்று மறைந்தார். நிறுவனங்கள் தம் பணிவிதிகளையும் ஒழுங்கு நடவடிக்கை முறைகளையும் எழுத்தில் வைத்துச் சான்று பெற வேண்டும் என்று கூறும் நிலையாணைகள் சட்டம் அவ்வாண்டு ஏப்ரலில் நிறைவேறியது. தொழிற்தகராறுகள் சட்டம் 1947 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. எண்பத்தாறு வயதை எட்டும் தறுவாயில் மறைந்த ஒரு மனிதர், தம் பொதுவாழ்வின் பெரும்பகுதியை அக்கேள்வியைக் கேட்பதிலேயே செலவிட்டவர், அதற்கு ஒரு மன்றம் அமைந்ததைக் காணாமலே போனார். இந்தியாவில் முதன்முதலாக மே நாள் கொண்டாடியவர் என்று ஆண்டுக்கொரு முறை அவரை நினைவுகூர்கிறோம். வேலைநீக்கம் என்னும் ஒற்றை இழையைப் பற்றிக்கொண்டு அவர் வாழ்வை இங்கே படித்துப் பார்ப்போம். அந்த இழை, நாம் பேசத் தயங்கும் சில இடங்களுக்கும் நம்மை அழைத்துச் செல்லும்.

குப்பத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு

சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18 அன்று சென்னைக் கடற்கரையின் மீனவர் குடும்பமொன்றில் பிறந்தார். கடலோரக் குப்பங்களின் பிள்ளைகள் கல்லூரிப் படியேறுவது அரிதாக இருந்த காலம் அது. அவர் பட்டம் பெற்றார். 1907இல் சட்டப் படிப்பையும் முடித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு.

அதற்கு முன்பே பௌத்தம் அவரை ஈர்த்திருந்தது. சென்னை மகாபோதி சங்கத்தின் பணிகளில் அவர் முன்னின்றார். பண்டிதர் அயோத்திதாசரும் பேராசிரியர் பொ. இலட்சுமி நரசுவும் இயங்கிய அதே சூழலில்தான் அவரும் இயங்கினார். அவர்களுக்கிடையே கருத்து வேறுபாடுகள் இருந்தன. அயோத்திதாசர் பௌத்தத்தை ஒடுக்கப்பட்ட மக்களின் பூர்வ வரலாறாகவும் வாழ்நெறியாகவும் மீட்டெடுத்தார். நரசுவும் சிங்காரவேலரும் அதைப் பகுத்தறிவின் சமயமாக அணுகினர். எனினும், பிறப்பால் மனிதரைத் தரம் பிரிக்கும் முறைக்கு எதிரான தளமாகப் பௌத்தத்தைக் கண்டதில் அவர்கள் ஒரே கரையில் நின்றனர். நரசு 1907இல் வெளியிட்ட பௌத்தத்தின் சாரம் என்னும் ஆங்கில நூலைப் பின்னாளில், 1948இல், அண்ணல் அம்பேத்கர் தம் முன்னுரையுடன் மறுபதிப்புச் செய்தார். சென்னையின் அந்தச் சிறு வட்டத்துக்கும் அம்பேத்கருக்கும் இடையே ஓடிய இந்த இழையை நினைவில் வைத்துக்கொள்வோம். சிங்காரவேலர் வாழ்வு முழுவதும் கேட்ட கேள்விக்குச் சட்ட வடிவம் கொடுத்த துறைக்குப் பின்னாளில் பொறுப்பேற்றவரும் அம்பேத்கரே.

பெரம்பூரில் எழுந்த கேள்வி

வடசென்னை தொழிற்பகுதியானது துறைமுகத்தையும் இருப்புப்பாதையையும் சார்ந்தே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகத்தை ஒட்டிக் கிடங்குகளும் எண்ணெய்த் தொட்டிகளும், மேற்கே பெரம்பூரில் ரயில்வே பணிமனையும், அருகே பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளும் வளர்ந்தன. செங்கல்பட்டு, வட ஆற்காடு மாவட்டங்களின் சேரிகளிலிருந்து பண்ணையடிமை வாழ்வை உதறிவிட்டு வந்த மக்களுக்கு ஆலைக்கூலி வெறும் காசாக மட்டும் இருக்கவில்லை. ஊர்த்தெருவின் அதிகாரத்துக்கு வெளியே நிற்கும் உரிமையாகவும் அது இருந்தது. ஆகவே வேலையிழப்பு அவர்களுக்கு வருமான இழப்போடு நிற்கவில்லை. திரும்பிச் செல்ல நிலமில்லாதவனுக்கு அது பழைய ஆண்டையின் வாசலை நோக்கிய பயணமாகவும் ஆகக்கூடும்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் அதன் தூண்களுள் ஒருவரானார். 1920 இறுதியில் தகராறு முற்றி ஆலை கதவடைப்புச் செய்தபோது, நிர்வாகம் வாடியா முதலானோர் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளர் தம் வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினர் என்பதே குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. முடிவில் 1921 ஜனவரியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியிருந்தது. போராட்டத்தில் முன்னின்ற சிலரைத் திரும்ப வேலைக்குச் சேர்க்கவும் நிர்வாகம் மறுத்தது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினானா என்று ஆராய நாட்டின் உயரிய மன்றம் இருந்தது. நிர்வாகம் தொழிலாளியை நீக்கியது சரியா என்று ஆராய ஒரு திண்ணைகூட இல்லை. சட்டம் ஒரு பக்கம் மட்டுமே கதவு வைத்துக் கட்டப்பட்டிருந்தது. சங்கத் தலைவர்களை இத்தகைய வழக்குகளிலிருந்து காக்கும் தொழிற்சங்கச் சட்டம் 1926இல்தான் வந்தது. அதற்கான கோரிக்கை வலுப்பெறக் காரணமானதும் இந்தப் பெரம்பூர் வழக்கே.

1921: நாம் தாண்டிச் செல்லக் கூடாத ஆண்டு

1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி, அடுத்த மாதம் பக்கிங்காம் ஆலைக்கும் பரவி, அக்டோபர் வரை நீண்டது. அதற்குத் துணைநின்றவர்களுள் சிங்காரவேலரும் ஒருவர். தொழிலாளர் இயக்க வரலாறுகள் இதை ஒரு வீரகாதையாகவே எழுதுகின்றன. ஆதிதிராவிடத் தொழிலாளர்களுள் பலர் வேலைக்குத் திரும்பினர் என்பதும், அதையடுத்து ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் அவர்களின் குடிசைகள் தீக்கிரையாயின என்பதும், தொடர்ந்த கலவரங்களிலும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிலும் எல்லாத் தரப்பிலும் உயிர்கள் பலியாயின என்பதும் அக்காதையின் ஓரக் குறிப்புகளாகச் சுருங்கிவிட்டன.

ஆதிதிராவிடத் தொழிலாளர் ஏன் திரும்பினர்? சேமிப்பும் நிலமும் உறவினர் கடையில் கடனும் கிடைக்கப் பெற்றவர் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கலாம். நாட்கூலியே வாழ்வாகக் கொண்ட சேரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. சங்கத்தின் முடிவுகளில் அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்னும் கேள்வியும் உண்டு. இவற்றையெல்லாம் ஆராயாமல் அவர்கள்மீது கருங்காலிப் பட்டம் சுமத்தப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் தரப்பு, அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே கலவரத்துக்குக் காரணம் என்றது. சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் பிரதிநிதியாக இருந்த எம். சி. இராஜா அதை ஏற்கவில்லை. அந்தக் கசப்பு வளர்ந்து 1923இல் அவர் நீதிக்கட்சியை விட்டே விலகினார்.

ஆலை முதலாளி ஒருவனை நீக்கினால் அது அநீதி என்று சங்கம் கூறியது, சரிதான். ஆனால் சங்கமும் ஊரும் சேர்ந்து ஒரு சேரியையே தொழிலாளர் என்னும் வரையறையிலிருந்து நீக்கியபோது அது நியாயமா என்று யார் விசாரித்தது? காரணம் கேட்காமலும் தரப்பைச் செவிமடுக்காமலும் தண்டனை வழங்கப்பட்டது. சிங்காரவேலர் வர்க்கத்தின் பெயரால் அனைவரையும் ஒன்றுதிரட்ட விரும்பியவர், சாதியை வெறுத்தவர், தாமே ஒடுக்கப்பட்ட கடலோரத்திலிருந்து எழுந்தவர். ஆயினும் புளியந்தோப்பு எழுப்பிய கேள்விக்கு அவர் சார்ந்த இயக்கம் அன்று முழுமையான விடை தரவில்லை என்பதை அவரை மதிக்கும் நாம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அங்கியைத் துறந்தவர்

அதே 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது சிங்காரவேலர் தம் வழக்கறிஞர் அங்கியை எரித்து, நீதிமன்றத்துக்குப் போவதை நிறுத்தினார். 1922 இறுதியில் கயாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டார். 1923 மே 1 அன்று சென்னையில் இரண்டு இடங்களில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும், மே நாள் கூட்டங்களை நடத்தித் தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார். தாம் துறந்த நீதிமன்றத்துக்கு நேரெதிரே மணலில் அவர் கூட்டிய அக்கூட்டத்தை, இன்னொரு நீதிமன்றத்தின் தொடக்கமாகவே நாம் பார்க்கலாம். அங்கே வழக்காளி தொழிலாளி, தீர்ப்பளிப்போரும் தொழிலாளரே.

1924இல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நலக் குறைவால் அவர் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. 1925 டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய முதல் இந்தியப் பொதுவுடைமையர் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் பணியாற்றினார். 1927இல் சென்னையில் பர்மா எண்ணெய் நிறுவனத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு.

1928: மூவாயிரம் பேரின் வழக்கு

வேலைநீக்கக் கேள்வி அவர் வாழ்வில் உச்சத்தை எட்டியது தென்னிந்திய ரயில்வே போராட்டத்தில். அந்நிறுவனம் நாகப்பட்டினத்திலும் பிற இடங்களிலும் இருந்த பணிமனை வேலைகளைத் திருச்சிக்கு அருகே பொன்மலையில் குவிக்கத் திட்டமிட்டது. அதையொட்டி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆட்குறைப்புச் செய்வதென முடிவாயிற்று. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கத் திறன் தேர்வு ஒன்றை நிர்வாகம் அறிவித்தது. பத்து இருபது ஆண்டுகள் இயந்திரத்தோடு வாழ்ந்தவனுக்கு அவன் வேலை தெரியுமா என்று தேர்வு வைப்பது, நீக்கத்துக்குப் பூசப்பட்ட சுண்ணாம்பு என்றே தொழிலாளர் கருதினர். தேர்வு வைப்பவர், மதிப்பெண் இடுபவர், நீக்குபவர் ஆகிய மூவரும் ஒருவரே.

பணிமனைகள் கதவடைப்புக்கு உள்ளாயின. 1928 ஜூலை 19 நள்ளிரவு தொடங்கிப் பொது வேலைநிறுத்தம் தென்மாவட்டங்கள் எங்கும் பரவியது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் ஊர் ஊராகச் சென்று ஆதரவு திரட்டினர். அரசு கடும் அடக்குமுறையை ஏவியது, தலைவர்கள் கைதாயினர், மாத இறுதியில் போராட்டம் கைவிடப்பட்டது. அறுபத்தெட்டு வயதுச் சிங்காரவேலருக்குச் சதி வழக்கில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட, 1930 ஆகஸ்டில் விடுதலையானார்.

பெரம்பூரில் கண்ட ஒருபக்கக் கதவை இங்கும் காண்கிறோம். வேலைநிறுத்தம் செய்தது குற்றமா என்பதை ஆராய அமர்வு நீதிமன்றம் இருந்தது, மேல்முறையீடு இருந்தது, சாட்சிகள் இருந்தனர். மூவாயிரம் குடும்பங்களின் அடுப்பை அணைத்தது நியாயமா என்பதை ஆராய எதுவும் இல்லை. அவர் சிறையில் இருந்தபோது, 1929இல், தொழிற்தகராறுகள் சட்டம் என்ற பெயரில் முதல் மையச் சட்டம் வந்தது. அரசு விரும்பினால் விசாரணை மன்றமோ சமரசக் குழுவோ அமைக்கலாம். அதன் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. அதே சட்டம் ரயில்வே போன்ற பொதுப்பயன் பணிகளில் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்வதைத் தண்டனைக்குரியதாக்கியது.

ஒரு சட்டம் உருவான கதை

விடுதலைக்குப் பின் சிங்காரவேலர் பெரியாரின் குடி அரசு இதழில் அறிவியல், மதம், சாதி, பொருளியல் பற்றித் தொடர்ந்து எழுதினார்; 1932இல் ஈரோட்டுத் திட்டம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நோயும் முதுமையும் வாட்டியபோதும் தொழிலாளர் மேடைகளை அவர் முற்றிலும் விட்டுவிடவில்லை.

அவர் தெற்கே முதுமையில் இருந்தபோது, பம்பாயில் அம்பேத்கர் இதே சிக்கலை வேறொரு முனையிலிருந்து அணுகிக்கொண்டிருந்தார். வேலைநிறுத்த உரிமையை முடக்கும் பம்பாய்த் தொழிற்தகராறு மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று நடந்த பொது வேலைநிறுத்தத்தில் அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் பொதுவுடைமையரும் கைகோத்தனர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் இருந்தார். அரசு, முதலாளி, தொழிலாளி என முத்தரப்பும் ஒரே மேசையில் அமரும் முறை அக்காலத்தில் வலுப்பெற்றது. நிலையாணைகள் சட்டம் அவர் பொறுப்பில் இருந்தபோதே நிறைவேறியது. அடுத்துப் பொறுப்பேற்ற ஜகஜீவன் ராம் காலத்தில் தொழிற்தகராறுகள் சட்டம் வந்தது. காரணமின்றி ஒருவனை விரட்டக் கூடாது என்னும் விதியை இந்நாட்டின் ஏட்டில் ஏற்றிய காலத்தில் தொழிலாளர் துறையை வகித்த இருவருமே தீண்டாமைக்கு ஆளான சமூகங்களிலிருந்து வந்தவர்கள். இதைத் தற்செயல் என்று மட்டும் நாம் கருதவில்லை. விசாரணையின்றித் தண்டிக்கப்படுதல் என்றால் என்ன என்பதைச் சேரி தன் பிறப்பிலேயே அறியும்.

சட்டம் வந்த பிறகும் பாதை நேராக இல்லை. நிர்வாகம் நடத்திய உள்விசாரணையின் முடிவில் தீர்ப்பாயம் எளிதில் தலையிட முடியாது. பழிவாங்கல், நல்லெண்ணமின்மை, இயற்கை நீதி மீறல், ஆதாரமற்ற முடிவு போன்ற நிலைகளில் மட்டுமே தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1958இல் வரையறுத்தது. 1971இல் சேர்க்கப்பட்ட 11அ பிரிவுதான், தண்டனை மிகையானால் அதை மாற்றவும் மீண்டும் பணியில் அமர்த்தவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தந்தது.

இவற்றைவிட நம் கவனத்துக்குரியது 1965இல் சேர்க்கப்பட்ட 2அ பிரிவு. அதுவரை தனியொரு தொழிலாளியின் நீக்கத்தைச் சங்கமோ சக தொழிலாளரில் கணிசமானோரோ தம் வழக்காக ஏற்றால்தான் அது தொழிற்தகராறு ஆகும். சங்கம் கைவிட்டவனுக்குச் சட்டமும் இல்லை. சங்கம் யாரைக் கைவிடக்கூடும் என்பதைப் புளியந்தோப்பு நமக்குக் காட்டியிருக்கிறது. தனியொருவரின் நீக்கமும் தகராறே என்று 2அ பிரிவு கூறியது. சமரசம் முறிந்தபின் அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் தொழிலாளியே நேரே நீதிமன்றம் செல்லலாம் என்னும் வழியைத் தமிழ்நாடு 1988இலேயே திறந்தது. பெரும்பான்மையின் தயவில்லாமல் நீதி கேட்கும் உரிமை தலித் தொழிலாளிக்கு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இராயபுரம் மண்டலத்தின் முன் நிற்கும் கேள்வி

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அத்தெருக்களைத் துப்புரவாக்கிய தொழிலாளர், பெரும்பான்மையும் தலித் மக்கள், அவர்களுள் பெண்களே மிகுதி, பழைய முறையிலேயே பணி வேண்டும் என்றும் நிரந்தரம் வேண்டும் என்றும் கோரி ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் அமர்ந்தனர். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. நடைபாதையை மறிக்கிறார்களா என்னும் கேள்வி விரைவாக உயர் நீதிமன்றத்தின் விடையைப் பெற்றது. அவர்கள் யாருடைய தொழிலாளர், அவர்கள் வேலையை மாற்றியமைத்தது நியாயமா என்னும் கேள்விகளுக்கு அந்த விரைவு வாய்க்கவில்லை. சிங்காரவேலர் கண்ட ஒருபக்கக் கதவு நம் கண்முன்னும் நிற்கிறது.

இன்று நீக்கம் நீக்கம் என்ற பெயரில் வருவதில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தது என்கிறார்கள். ஒப்பந்ததாரர் மாறினார் என்கிறார்கள். நாளை வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சொல்கிறார். நீக்கியவர் யார் என்பதே தெரியாதபோது நீக்கம் நியாயமா என்று எங்கே கேட்பது? 2020இல் நிறைவேறிய தொழிலுறவுக் குறியீடு, நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தியிருக்கிறது. நீக்கப்பட்டவர் தீர்ப்பாயத்தை அணுகுவதற்கான கால வரம்பை மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைத்திருக்கிறது. திறந்த கதவு மெல்லச் சாத்தப்படுகிறது.

சிங்காரவேலரின் பெயரைத் தாங்கிய மாளிகை இன்று இராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிரே, மாவட்ட ஆட்சியர் அலுவலகமாக நிற்கிறது. பெயர் சூட்டுவதோடு கடமை தீர்ந்துவிடாது. தொழிற்சங்கங்கள் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரைத் தம் முதல் வழக்காளியாக ஏற்க வேண்டும். சட்டம் பயிலும் நம் மாணவர்கள் சமரச அலுவலகப் படிகளில் ஏறி, தனித்து நிற்கும் ஒரு தொழிலாளியின் மனுவையேனும் எழுதித் தர வேண்டும். காலக்கெடு முடியுமுன் அவர் அங்கே சென்றாரா என்று கேட்க வேண்டும். மணலில் நின்று அவர் கேட்ட கேள்வியை மன்றத்தில் கேட்கும் உரிமை நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைக் கேட்காமல் இழப்போமானால், அந்த இழப்புக்கு நாமே காரணம் கூற வேண்டியிருக்கும்.